துணி பார்த்துக்கொள்கிறவள்

அண்ணாச்சி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அருவியில் தண்ணீர் விழுகிற அன்றைக்குக் கடைச் சாவி அவர் கையில் இருக்க வேண்டும். வாடகை வேண்டாம், முன்பணம் வேண்டாம், பத்திரம் கித்திரம் ஒன்றும் வேண்டாம். தண்ணீர் விழுந்தால் சாவி. அவ்வளவுதான்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில் அவருக்கு ஒரு கடை இருந்தது. துண்டு, சோப்பு, சீயக்காய்ப் பொட்டலம், எண்ணெய்ப் பாக்கெட், ஆண்கள் போட்டுக்கொண்டு குளிக்கிற அரை டிராயர், இவைதான் சரக்கு. ஆனி, ஆடியில் சாரல் சீசன். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட சாமிமார் கூட்டம். இரண்டும் முடிந்து பொங்கலும் கழிந்துவிட்டால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுத் தென்காசியில் வேறு வியாபாரம் பார்க்கப் போய்விடுவார். வைகாசி கடைசி வரைக்கும் அந்த வரிசையே பூட்டித்தான் கிடக்கும். சீசனுக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்குக் குற்றாலத்தைத் தெரியும் என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. மாசியிலும் பங்குனியிலும் பாறை மட்டும் காய்ந்து நிற்கும். குரங்குகள்கூட யாரிடம் பிடுங்குவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அந்தக் குற்றாலத்தில்தான் நான் ஓவியக்காரி ஆனேன்.

அதற்கு முன்னால் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஏழு வருஷம் இருந்தேன். பற்பசையின் நுரை, பிஸ்கட்டின் மொறுமொறுப்பு, சமையல் எண்ணெயின் பளபளப்பு, இவற்றைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது வேலை. ஒரே பிஸ்கட்டுக்கு எத்தனையாவது தடவையோ மொறுமொறுப்பைக் கூட்டச் சொன்ன ஒருநாள், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தால் எத்தனையோ கெட்டிருக்கிறேன், உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். இனிமேல் எனக்காக வரைந்து அதிலேயே பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டு தென்காசிக்கு ரயில் ஏறினேன்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருவில் யாராவது கேட்டால் மட்டும், "லீவுல வந்திருக்கா" என்பாள். முதல் மாதம் அது எனக்கு வசதியாக இருந்தது. ஆறாவது மாதம் உறுத்த ஆரம்பித்தது. மூன்றாவது வருஷமும் நான் லீவில்தான் இருந்தேன். கேட்கிறவர்களும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டில் பெரிய தாளை விரிக்க இடமில்லை. தென்காசியில் ஒரு அறை தேடிப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டார்கள், படம் வரைய என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று அடுத்த கேள்வி. யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். வெறுத்துப்போய் ஒருநாள் டவுன் பஸ் ஏறிக் குற்றாலம் போய், பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்து எதிரே தெரிந்த பாறையை வரைந்துகொண்டிருந்தேன். அது அண்ணாச்சியின் கடை. எலி துண்டு மூட்டையைக் கடித்துவிட்டதா என்று பார்க்க வந்திருந்தார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, காய்ந்த பாறையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். குற்றாலத்தில் ஏற்கெனவே சித்திர சபை என்று ஒன்று இருக்கிறதே, நீ வேறு எதற்கு என்றும் கேட்டார். எனக்கு அறை கிடைக்காத கதையை அழாத குறையாகச் சொன்னேன். உள்ளே போய் எலி செய்திருந்த வேலையைப் பார்த்தார். வெளியே வந்து சாவியை நீட்டினார். ஆள் புழங்கினால் எலி வராது, வாரம் ஒருமுறை துண்டுகளைப் பிரித்து வெயில் காட்ட வேண்டும், தண்ணீர் விழுந்தால் சாவி வந்துவிட வேண்டும் என்றார்.

இப்போதும் புதுத் துண்டின் கஞ்சி வாடை எங்காவது வந்தால் எனக்கு அந்தக் கடைதான் ஞாபகம் வரும். கஞ்சி வாடை, சந்தன சோப்பு வாடை, கசிந்த எண்ணெய்ப் பாக்கெட்டின் வாடை, அதோடு என் வர்ணங்கள். ஷட்டரை முக்கால்வாசி ஏற்றிவிட்டால் நல்ல வெளிச்சம் வரும். பங்குனி வெயிலுக்கு வர்ணம் தொட்ட கையோடு காய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை தோறும் கொடி கட்டித் துண்டுகளை வெளியே காயப்போட்டுவிட்டு அவற்றின் நிழலில் உட்கார்ந்து வரைவேன். ஒருமுறை ஒரு வெள்ளைத் துண்டில் நீல வர்ணத்தைக் கொட்டிவிட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்ததில் நீலம் இன்னும் பரவியது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, அதை யாரும் வாங்க மாட்டார்கள், நீயே வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

லாத்தா வந்தது அந்த முதல் வருஷத்தில்தான். தென்காசியில் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து அண்ணாச்சிக்கு அரை டிராயர் தைத்துக் கொடுக்கிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். அவளுடைய சொந்தத் தங்கைகள் லாத்தா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். தைத்த டிராயர் மூட்டையைக் கடையில் இறக்கிவிட்டுப் போக வந்தவள், சுவரில் சாத்தியிருந்த என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாறை, பூட்டிய கடைகள், ஆளில்லாத படித்துறை.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு ஆளையும் காணமே பிள்ள. எல்லாரும் எங்க போனாவ?"

எனக்குச் சுருக்கென்றது. அது வெறுமையைப் பற்றிய படம் என்று சென்னைக் கண்காட்சிகளில் கேட்ட தமிழில் ஏதோ விளக்கம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இடுப்பிலிருந்த தையல் சாக்குக்கட்டியை எடுத்து, சிமெண்டுத் தரையில், டிராயரைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு குரங்கையும் பின்னால் துண்டோடு ஓடும் ஒரு ஆளையும் வரைந்தாள். நாலைந்து கோடுதான். ஆளின் பதற்றமும் குரங்கின் நிதானமும் அப்படியே இருந்தன. நான் சிரித்துவிட்டேன். அவள் கோடு என்னுடையதைவிட உயிரோடு இருக்கிறதே என்று உள்ளுக்குள் எரியவும் செய்தது. அந்த எரிச்சல் மூன்று வருஷம் எனக்குள்ளேயே இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு செவ்வாயும் வியாழனும் லாத்தா வர ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இலத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தாள். பண்பொழியில் பூ கட்டி விற்கும் ஒருத்தி, அவள் நாத்தனார், செங்கோட்டையிலிருந்து வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண். நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை, அதற்கு எனக்குப் பொறுமையும் கிடையாது. எல்லோரும் அவரவர் தாளை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்வோம். பேச்சு ஓடும். மதியம் தூக்குச்சட்டிகளைத் திறந்தால் ஆறு வீட்டுக் குழம்பும் கலந்துவிடும். சாப்பிட்ட பிறகு துண்டு மூட்டையில் சாய்ந்து கொஞ்சம் கண் அசருவோம். வேலை, வருமானம், அந்தஸ்து எதுவும் இல்லாத அந்த நாட்களைப் போல நிம்மதியான நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

வைகாசி கடைசியில் அண்ணாச்சியின் போன் வரும். "பிள்ள, காத்து மாறிட்டு." உடனே பலகைகளையும் தாள்களையும் கட்டிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுக் கலைந்துவிடுவோம். அப்புறம் சீசன். சீசனில் தென்காசிக்காரர்கள் பாடு சீசனுக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. மதுரை சித்தப்பா, கோவில்பட்டி அத்தை, இன்னார் வீட்டு இன்னார் என்று வாரா வாரம் விருந்தாளிகள். அம்மா விடியுமுன் எழுந்து எலுமிச்சம் சோறு கிண்டி, பொட்டலம் கட்டி, எல்லோரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். அருவிக்கரையில் அம்மா துணிமணிகளைப் பார்த்துக்கொள்வாள், நாங்கள் குளிப்போம். என் சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

மூன்றாவது வருஷம் என் சேமிப்பு தரை தட்டியது. படம் ஒன்றும் விலைபோகவில்லை. நாள்காட்டிக்கு இரண்டு படம், ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு ஒரு மயில், அவ்வளவுதான். அப்போது சென்னையில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் கூப்பிட்டார். என் பழைய இடம் காலியாக இருக்கிறதாம். சித்திரை கடைசி வாரத்துச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூப்பிடுவேன், வருகிறாயா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்றார். நல்ல மனுஷி. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்ததை ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை.

அதே சனிக்கிழமை கடையில் ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவெடுத்தேன். நாலு பேர் நின்று பார்த்தால் ஊரில் இருப்பேன், இல்லாவிட்டால் போனில் சரி என்று சொல்லிவிட்டு மறுவாரமே ரயில் ஏறிவிடுவேன். இதை லாத்தாவிடமும் அம்மாவிடமும் மட்டும் சொன்னேன். லாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா, அங்கே விடுதியில் இன்னும் அதே சாப்பாடுதானா என்று மட்டும் கேட்டாள்.

என்னுடைய பன்னிரண்டு படங்கள் தயாராக இருந்தன. எல்லாம் அருவி. பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி. காய்ந்த பாறையைப் பார்த்து ஞாபகத்திலிருந்து தண்ணீரை வரைந்திருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு பாய் அகலம். தென்காசியில் கண்ணாடிக் கடையில் கொடுத்து எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டேன். மற்றவர்கள் படங்களும் இருக்கட்டும் என்று ஆளுக்கு இரண்டு கேட்டிருந்தேன். அவை சின்னச் சின்னத் தாள்கள், ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். லாத்தா ஒரே ஒரு படம் கொடுத்தாள். நோட்டுப் புத்தக அளவுதான். சரியாகக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்தேன். அவள் தயங்கித் தயங்கி, இதற்குக் கண்ணாடி போட முடியாதா என்று கேட்டாள். சட்டம் தீர்ந்துபோயிற்று என்றேன். தீரவில்லை. வெட்டிப்போட்ட துண்டுகளில் கடைக்காரர் செய்துகொடுத்த சின்னச் சட்டம் ஒன்று மிச்சம் இருந்தது, அவள் படத்தின் அளவுக்குச் சரியாகவும் இருந்தது. அதை ஒரு துண்டு மூட்டைக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மலையில் கோடை மழை அடித்தது. வெள்ளிக்கிழமை காலையில் பேரருவியில் தண்ணீர் விழுந்தது.

பள்ளிக்கூட விடுமுறை வேறு. காலை ஒன்பது மணிக்குள் சுத்துப்பட்டு ஊர் போன்களிலெல்லாம் அருவியின் வீடியோ வந்துவிட்டது. பத்து மணிக்கு அண்ணாச்சி சரக்கோடு வேனில் வந்து இறங்கினார். சுவர் நிறைய என் அருவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இறங்கியதும் அவர் கையைத்தான் நீட்டினார், சாவிக்காக. நான் கத்த ஆரம்பித்தேன். நாளைக்குக் கண்காட்சி, நாலு ஊருக்குச் சொல்லியாயிற்று, கோடை மழைத் தண்ணீரெல்லாம் சீசனா, இரண்டே நாளில் நின்றுவிடும் தண்ணீருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றேன். அவர் கொஞ்சம்கூடச் சத்தத்தைக் கூட்டவில்லை.

"நான் சீசன்னு சொல்லலியே பிள்ள. தண்ணி விழுந்தான்னுதான சொன்னேன்?"

சாவியை டிராயர் மூட்டைமேல் வைத்தேன். போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, ஒரு படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அவர் தடுத்தார். படம் அது பாட்டுக்கு இருக்கட்டும், கண்ணாடி போட்டதை மட்டும் மேலே மாட்டு என்றார். ஈரக் கூட்டம், கையெல்லாம் எண்ணெய், ஒன்று கீழே விழுந்து உடைந்தால் வெறுங்காலில் வருகிறவர்கள் கதி என்ன என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. என் பன்னிரண்டு அருவிகளும் கூரையை ஒட்டி ஏறின. கீழே துண்டுக் கொடிகள் வந்தன. கண்ணாடி இல்லாத சின்னப் படங்களை என்ன செய்வதென்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, லாத்தா துண்டு மாட்டுகிற கிளிப்புகளை எடுத்து அவற்றைத் துண்டுகளுக்கு நடுவில் கொடியிலேயே மாட்டினாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் கடையில் நிற்க இடமில்லை. நான் சென்னையில் பார்த்த கண்காட்சிகளில் ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்லப் பேசுவார்கள். இங்கே சொட்டச் சொட்ட நின்றுகொண்டு துண்டுக்குப் பேரம் பேசினார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. கோவில்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் தலையைத் துவட்டும்போது தற்செயலாக அண்ணாந்து பார்த்து, அருவி என்று மனைவியிடம் காட்டினார். அதுதான் அங்கே விழுகிறதே, அங்கே போய்ப் பார்த்தால் போகிறது என்றாள் அவள். சரியாகத்தான் சொன்னாள். என் மூன்று வருஷத்துக்கும் அதுதான் விமர்சனம் என்று தோன்றியது. பதினோரு மணிக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று மனதைத் தயார் செய்தேன்.

அம்மா பத்து மணி பஸ்ஸில் வந்தாள். கூட்டத்தில் எங்களுக்குச் சாப்பாடு கிடைக்காது என்று ஆறு பேருக்கும் எலுமிச்சம் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வைக்க இடமில்லாததால் ஓரத்தில் முக்காலியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிராயர் வாங்கிய ஒரு குடும்பம் அவளிடம், கொஞ்சம் இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று காலடியில் வைத்துவிட்டுப் போனது. அதைப் பார்த்து அடுத்த குடும்பமும் வைத்தது. அதற்கப்புறம் நான் அம்மாவைக் கவனிக்கவில்லை.

துண்டுக் கொடியருகே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிவகிரிப் பக்கமிருந்து வந்திருந்த ஏழெட்டுப் பெண்கள். குளித்த சேலையோடு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு லாத்தாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, இது நம்ம பெரியம்மைல்லா!"

அப்போதுதான் அந்தப் படத்தை நான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு கல்லில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடி நிறையத் துணி. ஒரு பிள்ளையின் கவுன், யாருடைய பேண்டோ, மூன்று பை. இடது கையில் வளையல்களுக்கு மேலே ஆம்பிளைக் கைக்கடிகாரம் ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று. ஜாக்கெட்டில் யாருடைய மூக்குக் கண்ணாடியோ மாட்டியிருக்கிறது. தலைமுடி காய்ந்து, காலையில் வைத்த பூ அப்படியே இருக்கிறது. அருவி படத்திலேயே இல்லை. அவள் பார்ப்பது முன்னால் வரிசையாகக் கிடக்கும் செருப்புகளை. ஒரு ஜோடியில் ஒன்று குறைகிறதோ என்ற சந்தேகம் அவள் முகத்தில் இருந்தது.

சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி சிரிப்பை நிறுத்திவிட்டாள். பெரியம்மா அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறாள், நாம் மூன்றாவது தடவையும் குளித்துவிட்டு வந்துவிட்டோம் என்றாள். ஒரு வயதான அம்மாள் எண்ணெய்க் கையோடு அந்தச் செருப்பு வரிசையைத் தொட்டுக் காட்டினாள். தாளில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய் ஊறியது. நான் சீறிக்கொண்டு எழுந்தேன். லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். தொடட்டும், விடு என்றாள். அடுத்து வந்தவர்களும் அங்கேதான் நின்றார்கள். அதற்கடுத்தவர்களும். இது எங்க மதினி, இது எங்க அம்மை, இது நான்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். புளியரைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, மலையாளத்தில் கொள்ளாம், கொள்ளாம் என்று திரும்பத் திரும்பப் பாராட்டினாள். யார் வரைந்தது என்று கேட்டபோது லாத்தா டிராயர் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

நான் படத்திலிருந்து கண்ணை எடுத்தேன். ஓரத்தில் முக்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பைகள். மடியில் எங்கள் சோற்றுக்கு மேல் யாருடைய பிள்ளையின் சட்டையோ. கையில் எவருடைய கடிகாரமோ. தலையில் பூ வாடாமல் இருந்தது. உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கு வேறு நல்ல வார்த்தை இல்லை. முப்பத்துச் சொச்சம் வருஷம் அந்த அருவியில் குளித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஈரத்தோடு ஓடிவந்து அவள் நீட்டும் துண்டை வாங்கித் துவட்டியிருக்கிறேன். அவள் தலை நனைந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லை என்பதைக்கூட அன்றுவரைக்கும் பார்த்ததில்லை. அருவியையும் பாறையையும் ஆளில்லாமல் பன்னிரண்டு தடவை வரைந்தவள் நான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"எம்மா, நீ போயிக் குளிச்சிட்டு வா. துணிய நான் பாத்துக்கிடுதேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கெதற்கு, மாற்றுச் சேலை இல்லை, சாமான் யாருடையது எது என்று உனக்குத் தெரியாது என்று வரிசையாகக் காரணம் சொன்னாள். லாத்தா வந்து அவள் மடியிலிருந்ததை எல்லாம் என் கையில் மாற்றினாள். கடிகாரத்தைக் கழற்றி எனக்குக் கட்டினாள். என் நீலத்துண்டைக் கொடியிலிருந்து உருவி அம்மாவின் தோளில் போட்டு, சின்னப் பிள்ளையை இழுத்துப் போவதுபோல் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முக்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்தது. எது யாருடையது என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு குடும்பத்துக்கு இன்னொருவர் பையைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். நடுவில் எங்கிருந்தோ என் போன் அடித்தது. குவியலுக்கு அடியில், இரண்டு பைகளுக்கு இடையில் திரை வெளிச்சம் தெரிந்தது. பதினோரு மணி. சென்னை நம்பர். மடியில் ஒரு பால்புட்டி, ஒரு கண்ணாடி, ஈரம்படாமல் வைத்திருக்கச் சொன்ன ஒரு பர்ஸ். எல்லாவற்றையும் இறக்கிவைத்து எட்டினால் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடியும் ஒருமுறை அடித்தது. மறுநாள் நானே கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லி மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அம்மா திரும்பி வர முக்கால் மணி நேரமாயிற்று. போலீஸ்கார அம்மா இரண்டு தடவை விசில் ஊதியும் வெளியே வரவில்லையாம், லாத்தா சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவின் முடி முகத்தில் ஒட்டிக்கிடந்தது. பூ எங்கேயோ போயிருந்தது. குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நீலத்துண்டால் தலையைச் சுற்றிக்கட்டிக்கொண்டு, "தண்ணி நல்லா அடிக்கி" என்றாள். கடைசியாக எப்போது குளித்தாய் என்று கேட்டேன். நீ பிறக்கும் முன்னால் என்றாள், சாதாரணமாக.

அன்றைக்குச் சாயங்காலம், மிச்சமிருந்த சட்டத்தைப் பற்றிச் சொன்ன பொய்யை லாத்தாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் அசரவில்லை.

"தெரியும். மூட்டைக்குப் பின்னால பாத்தேன். நீ கண்ணாடி போட்டிருந்தா நானும் மேலல்லா போயிருப்பேன்?"

அந்தப் படத்தை அவள் போனில் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தாள். அவர் அறையில் கூட இருந்தவர்கள் எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். ஒருவர், எங்கள் அம்மாவை இதுபோல வரைந்து தர முடியுமா என்று கேட்டார். போட்டோ அனுப்புங்கள் என்றால், எந்தப் போட்டோவிலும் அம்மா இல்லை என்றார். போட்டோ எடுக்கும்போதெல்லாம் பையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றவள் அவள்தான். ஆகவே நாங்கள் அவர் வீட்டுக்கே போய், அந்த அம்மாளோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பேசி வரைந்தோம். அப்படி ஆரம்பித்ததுதான் இன்றைக்கு எனக்கும் இன்னும் எட்டுப் பேருக்கும் சோறு போடுகிறது. போட்டோவில் இல்லாதவர்களை வரைகிறோம். நான் அருவி வரைவதை நிறுத்திவிட்டேன்.

அண்ணாச்சி இப்போது வியாபாரத்தை விட்டுவிட்டார். அந்தக் கடையில் வருஷம் பூராவும் செல்போன் உறை விற்கிறார்கள். நாங்கள் பொங்கலுக்கு அப்புறம் பூட்டிக் கிடக்கிற வேறு வேறு கடைகளுக்கு மாறிக்கொண்டே இருக்கிறோம், அதே நிபந்தனையில். லாத்தா வீட்டுக்காரரோடு சவுதியில் இருக்கிறாள். அங்கே விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனாலும், கூட்டத்தில் ஒரு ஆள் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்துவிடுகிறான் என்று வரைந்து அனுப்பினாள். துண்டு மூட்டையில் சாய்ந்து ஆறு பேரும் கண்ணசந்த அந்த மத்தியானங்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. புதுக் கடைகளில் அந்த வாடை இல்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மாவும் நானும் மாலை பஸ்ஸுக்கு நின்றோம். அம்மா லாத்தா கொடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். முடி இன்னும் காயவில்லை. எங்கள் தெருக்காரம்மாள் ஒருத்தி அங்கே நின்றிருந்தாள். அம்மாவின் ஈரத்தலையை அதிசயமாகப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். மகள் லீவில் வந்திருக்கிறாளா? நான் தரையைப் பார்த்தேன்.

"லீவு என்ன லீவு. அவ இங்கனதான் இருக்கா. படம் வரையுதா. அதான் அவளுக்கு வேல" என்றாள் அம்மா.

பஸ் வந்தது. கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா முதலில் ஏறினாள்.